அந்தோணியார் குருசடியில் ஏலம் போன பல்

தூத்துக்குடி
9 ஜூலை 1974

அன்பு மகன் இனிகோவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் அப்பாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். பம்பாயில் மழை பிடித்துவிட்டதாமே, நீ தலையைத் துவட்டாமல் கப்பல் டாக்கில் வேலைக்குப் போய் நிற்பாய் என்று எனக்குத் தெரியும், உடம்பைப் பார்த்துக்கொள். இன்லண்ட் தாளில் எழுதாமல் கவரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன். உன் அப்பாவும் இதே விஷயத்தை உனக்குத் தனியாக எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார், அதை நம்பாதே, நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன்.

எல்லாம் உன் தங்கச்சி பல் விஷயம்தான். ஹில்டாவுக்கு முன்பல் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, அதற்குக் கம்பி கட்ட மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. முதலில் பால்பல் எல்லாம் விழட்டும் என்றார்கள், விழுந்தது. பிறகு கம்பி கட்டுகிற டாக்டர் மதராஸிலிருந்து மாதம் ஒருநாள்தான் வருவார், முன்னால் நிறையப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்றார்கள். போன வருஷம் ஒருவழியாக அவளை உட்காரவைத்து, வாய்க்குள் மெழுகு மாதிரி எதையோ அமுக்கி எடுத்து, எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவார்களே அந்த மாவில் அவள் பல்வரிசையை அச்சாக வார்த்துக் கையில் கொடுத்தார்கள். இங்கே வைக்க இடமில்லை, முறை வரும்போது கார்டு போடுவோம், அச்சோடு வாருங்கள், அது இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்துதான் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கார்டு வருகிற வழியாக இல்லை. நீ வைத்த தேங்காய்த் துருவி என்ற பட்டப்பெயர் தெரு முழுக்கப் பரவி, பிள்ளை கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள், கோவில் பாட்டுக்குழுவிலிருந்தும் நின்றுவிட்டாள். பெற்றவள் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது, அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன்.

கால் நோவு என்றால் வெள்ளிக் கால், கண் நோவு என்றால் வெள்ளிக் கண் வாங்கிக் குருசடியில் புனிதர் காலடியில் வைக்கிறோம் இல்லையா, அதுபோல ஒரு பல் வாங்கலாம் என்று போனால் கடையில் கை இருக்கிறது, கால் இருக்கிறது, தொட்டில் இருக்கிறது, தோணி கூட இருக்கிறது, பல் மட்டும் இல்லை. தட்டாரிடம் செய்யச் சொன்னால் அவர் சிரிக்கிறார். யோசித்துப் பார்த்தேன், அசல் மாதிரியே ஒன்று வீட்டு அலமாரியில் சும்மாதானே கிடக்கிறது. தட்டார் செய்தாலும் பல்லை நேராகத்தான் செய்வார், அப்புறம் எந்தப் பல் கோணல் என்று புனிதருக்கு எப்படித் தெரியும். அச்சைச் சுத்தமான துணியில் பொதிந்து கொண்டுபோய், மெழுகுதிரி ஏற்றி, குருசடியில் வைத்துவிட்டு வந்தேன். இதில் என்ன தப்பு என்று இன்றுவரை உன் அப்பாவால் சொல்ல முடியவில்லை, கத்தத்தான் முடிகிறது.

ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழாவுக்கு முந்தின நாள் கார்டு வந்துவிட்டது. அடுத்த வாரமே வரச் சொல்லியிருந்தார்கள். புனிதர் கேட்டுவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா அச்சு எங்கே என்றார். சொன்னேன். சட்டை கூடப் போடாமல் ஓடினார். திருவிழாவில் ஏலம் விடுகிற காணிக்கைப் பொருள்களோடு அதையும் எடுத்துவைத்தாயிற்றாம், அந்தோணியாருக்கு வச்சத நான் எப்படித் திருப்பித் தர முடியும், நாளைக்கு ஏலத்துல எடுத்துக்கிடுங்க என்று கோவில் காரியம் பார்க்கிற உபதேசியார் சொல்லிவிட்டார்.

மறுநாள் சேவல், வாழைக்குலை, உப்பு மூட்டை எல்லாம் போன பிறகு இதைத் தூக்கிக் காட்டினார்கள். என்ன பொருள் என்று ஏலம் கூறுகிறவருக்கே தெரியவில்லை, வெள்ளையாக ஒரு சாமான் என்று கூவினார். உன் அப்பா சாதாரணமாக விலை கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, குரல் நடுங்குகிறது. தோணி ஓட்டுகிற தண்டல் ஜேசுபாதம் அதைப் பார்த்துவிட்டு, ஏலே, இந்த மனுசன் இம்புட்டு துடிக்காருன்னா அதுல என்னமோ இருக்கு, தோணியில வச்சா நமக்கு நல்ல காத்து விழும் என்று மேலே கேட்டார். இவர் ஏற்ற அவர் ஏற்ற, ஒரு கிடா விலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, உன் அப்பா என்னை முறைத்துக்கொண்டே கேட்கிறார்.

அப்போதுதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹில்டா எழுந்து போனாள். நேராக மேசைக்குப் போய், அச்சை வாங்கித் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்து கையை எடுத்தாள். பல்லெல்லாம் தெரியத் தண்டலைப் பார்த்து, மாமா, இது எம் பல்லு, நல்லாப் பாத்துக்கிடுங்க, இதத் தோணியில வச்சு என்ன செய்யப் போறீய என்று கேட்டாள். சனம் அச்சைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. தண்டல் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அச்சு உன் அப்பா கடைசியாகக் கேட்ட விலைக்கே அவருக்கு விழுந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் பிள்ளை அழுதுவிடுவாளோ என்று நான் எழுந்து ஓடினேன். அவளும் சேர்ந்து சிரித்தாள் இனிகோ, கை வாய்ப்பக்கம் போகவே இல்லை. அழுதது நான்தான்.

மதுரையில் டாக்டர் அந்த அச்சை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். காத்திருந்த நாளில் பிள்ளைக்குப் பல் இன்னும் வளர்ந்து இடம் மாறிவிட்டது, இது இனி உதவாது என்று ஓரமாக வைத்துவிட்டு, அங்கேயே புதிதாக ஒன்று எடுத்தார். உன் அப்பா என்னைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அடுத்த மாதம் கம்பி கட்டுகிறார்கள். புது அச்சு அப்பாவின் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது, சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. பழையதைத் திரும்பக் குருசடியிலேயே வைத்துவிட்டேன், நேர்ந்தது நேர்ந்ததுதானே.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடாதே என்று கண்டித்து எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நேற்று அவளே என்னை ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாயை மூடிக்கோ பாப்பா என்ற போட்டோக்காரரிடம் முடியாது என்றுவிட்டாள். கம்பி கட்டிட்டா இந்தப் பல்லு இருக்காதுல்லா, அண்ணன் வச்ச பேருதானே, துருவியக் கடைசியா ஒரு தடவ பாத்துக்கிடட்டும் என்று சொல்லி உனக்கு அனுப்பச் சொன்னாள். கவருக்குக் காரணம் அதுதான், படம் உள்ளே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. பனிமய மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாள். படத்தை மழையில் நனைத்துவிடாதே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
மெட்டில்டா