கட்டுப்படியாகாத பேரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அங்கே நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், மனசு முரண்டு பிடிக்கிறது. சரி, உடம்பளவில் இருவரும் நலம், அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. போனில் பேசினால் கத்திவிடுவேன், இல்லை அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பால்கனித் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட நான் செய்யும் குட்டி மோட்டாருக்கு எந்த சோலார் பேனல் வாங்குவது என்று நாம் எவ்வளவு பேசியிருப்போம். கண்ணாடி போட்டதை வாங்கு, வெயில் மங்கினாலும் ஓடும், நீடித்து உழைக்கும் என்றாய் நீ. அது ஒன்று வாங்கும் காசில் பிளாஸ்டிக் பூசியது மூன்று வரும், இரண்டைச் சேர்த்தால் என் மோட்டாருக்குப் போதும், ஒயரைச் சூடு வைத்துச் சால்டர் பண்ணும்போது ஒன்றைக் கருக்கினாலும் கைவசம் இன்னொன்று இருக்கும் என்றேன் நான். கடைசியில் "சரிம்மா, உன் இஷ்டம்" என்றாய். பெண் என் கணக்கை ஒத்துக்கொண்டாள் என்று எப்படிப் பூரித்துப் போனேன் தெரியுமா? உதிரிபாகக் கடைக்குப் போனால் கடைக்காரர் தானாகவே கண்ணாடி பேனலை எடுத்து வைத்தார். பிளாஸ்டிக் பேனல் ஒன்றின் விலைக்கு இதைத் தருவீர்களா என்று சும்மா கேட்டு வைத்தேன், உடனே பொட்டலம் கட்டிவிட்டார். கடைக்காரர் என்றால் ஒரு தரமாவது "கட்டுப்படியாகாதும்மா" என்று மூக்கால் அழ வேண்டாமா? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எல்லாம் என் வாய் சாமர்த்தியம் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். உன் அப்பா, சங்கதி தெரிந்த மனுஷன், "உன்கிட்ட பேரம் பேசி யாரு ஜெயிக்கிறது" என்று தாளம் வேறு போட்டார்.

அதை நம்பி உன் சித்தி தனக்கும் ஒன்று வேண்டும் என்று என்னைக் கடைக்கு இழுத்துப் போனாள். இந்தத் தரம் கடைக்காரர் அந்த வார்த்தையைச் சொன்னார், கட்டுப்படியாகாதும்மா என்று. விடுவேனா, ஆளுக்கொரு விலையா, இதென்ன வியாபாரமா வழிப்பறியா என்று கடையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாவம், பொறுக்க மாட்டாமல் "உங்க பொண்ணுதாம்மா மீதியை அனுப்பினாங்க, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க" என்று சொல்லிவிட்டார். சித்தி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சொந்தபந்தம் முழுக்க இப்போது அதே பேச்சுதான்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தெரியும். துரோகம் என்பது பெரிய வார்த்தை, அதுவும் தெரியும், ஆனால் எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. நான் தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நீ, அப்பா, கடைக்காரர் மூன்று பேரும் சேர்ந்துகொண்டு என்னை ஜெயிக்க வைத்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அழுகிற பிள்ளைக்குப் பொம்மை காட்டுவது போல என் பெண்ணே எனக்குச் செய்துவிட்டாளே என்று இருக்கிறது.

மறுநாளே போய்க் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக் கண்ணாடி பேனலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பேனல்களை வாங்கி வந்தேன். உன் பங்கை அவர் உனக்கே அனுப்பிவிடுவார். லேசாக மேகம் மூடினாலே மோட்டார் நின்றுவிடுகிறது. நீ சொன்னது சரிதான் போலிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழித்து வேலை பார்க்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. அம்மாவின் கணக்கு தப்பென்று பட்டால் முகத்துக்கு நேரே சொல், சண்டை போடு. தோற்கும் அளவுக்கு எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா