பிரிட்ஜெட் தட்டிய கதவு

கில்டாரா, மேயோ
1938 பிப்ரவரி 6

அன்புள்ள டீலியா அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். ஓயாத மழை, உருளைக்கிழங்கு நட நிலம் இன்னும் பதப்படவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே!

பள்ளிக்கூட வாத்தியார் வீடு வீடாகப் போய்ப் தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய பஞ்சகாலத்துக் கதைகளை எழுதிக்கொள்கிறார். அவர் மாங்கன் வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். ஓவனின் அம்மா ஹோனர் சொன்னாள்: “கெழங்கெல்லாம் அழுகின ரெண்டாம் வருஷம், எங்க வீட்டுப் பொண்ணு பிரிட்ஜெட் பச்சப்புள்ளையோட போயி லாவெல் வீட்டுக் கதவத் தட்டுனா. காய்ச்சல் ஒட்டிக்கும்னு அவங்க தாழ்ப்பாளே எடுக்கல. விடிஞ்சு பாத்தா ரெண்டு பேரும் மதிலோரமா செத்துக் கெடந்தாங்க.”

பிறகு என்னைப் பார்த்து, “உம்மேல கோவமில்லடா ஃபெஸ்டஸ். அப்ப எல்லாருக்கும் பயம்” என்றாள்.

நம் வீட்டுக் கதவு, அக்கா. என்னால் தலை நிமிர முடியவில்லை.

உன் தம்பி,
ஃபெஸ்டஸ் லாவெல்

பாஸ்டன்
மார்ச் 1

தம்பி ஃபெஸ்டஸ்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஓவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் சொன்ன அன்று அப்பா போட்ட சத்தம் நினைவிருக்கிறதா? “பஞ்சத்துல நம்ம ஆளுங்கள வாசல்ல சாகவிட்ட வீடு அது! அங்கயா போயி வாழப்போற?” அதை நம்பித்தான் ஓவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பலேறினேன்.

முப்பது வருஷமாகியும், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது கண் அவனைத் தேடுகிறது. இந்த ஊருக்கு அவன் எப்படி வருவான்?

ஒன்று கேட்கிறேன். அப்பா சொன்னது பொய் என்று உனக்கு முன்பே தெரியுமா?

டீலியா

கில்டாரா
மார்ச் 20

அக்கா,

தெரியும். பதினோரு வருஷம் முன்பு, சாகக் கிடந்தபோது அப்பா சொன்னார்: “கதையத் திருப்பிப் போட்டது நான்தான்டா. உண்மையச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவகிட்ட சொல்லிடு.” நான் சொல்லவில்லை. அப்பாவை வெறுத்துவிடுவாய், எனக்கு எழுதுவதையும் நிறுத்திவிடுவாய் என்று பயம். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஓவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நேற்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அவ தலை நரைச்சிருச்சாடா?” என்று மட்டும் கேட்டான்.

திட்டியாவது எழுது.

ஃபெஸ்டஸ்

பாஸ்டன்
ஏப்ரல் 18

தம்பி,

ஓவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். முழுக்க நரைத்துவிட்டது என்றும் எழுதினேன். ஜூன் முதல் வாரம் என் கப்பல் கால்வே வந்து சேரும்.

உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தாயிற்று. துறைமுகத்துக்கு நீயும் வா.

உன் அக்கா,
டீலியா