கல்லில் கூடிப்போன ஒரு சொல்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் அம்மாவும் சுகம். அங்கு நீ சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நம் ஊர்க் கணக்குப்படி நீ சுக துக்கம் எல்லாம் கடந்தவன் ஆகிவிட்டாய். பதறாதே, முழுவதும் படி. ஏழு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால், ஒன்று எனக்குக் காய்ச்சல் கண்டிருக்க வேண்டும், இல்லை உன் அம்மா என்னோடு பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும். காய்ச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் உன்னிடம் வழக்கம்போல்தான் பேசியிருப்பாள். முழங்கால் வலியைச் சொல்லியிருப்பாள், பால்காரரைத் திட்டியிருப்பாள். இதை மட்டும் சொல்லியிருக்க மாட்டாள். "செஞ்சவரே எழுதட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். பத்து நாளாக எனக்கு வரும் தகவல் எல்லாம் சுவர் வழியாகத்தான்.

விஷயம் இதுதான். நம் ஊருக்கு முந்நூற்றைம்பது வயது ஆனதைக் கொண்டாடினார்கள். ஆற்று வளைவில் முதல் படகு கரை ஒதுங்கிய வருஷத்திலிருந்து கணக்கு. முந்நூற்று நாற்பத்தொன்பதுதான் ஆகிறது என்று பழைய தலைமையாசிரியர் கடைசி வரை மல்லுக்கட்டினார். பந்தல் போட்டாயிற்று, இனி ஒரு வருஷம் பிரித்து வைக்க முடியாது என்று விழாக் குழுத் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பாலம் முழுக்க விளக்கு. படித்துறைக்கு வெள்ளையடித்தார்கள், முதல் நாள் மழையில் பாதி ஆற்றோடு போயிற்று. படகுப் போட்டியில் நம் தெரு கடைசி. ஏறியவர்களின் உடம்புக்குப் படகு மிதந்ததே பெரிது.

படித்துறைக்கு மேலே ஒரு கருங்கல்லும் நட்டார்கள். 'ஊருக்குத் தண்ணீர் தந்தவர்கள்' என்று தலைப்பு. முதல் கிணறு வெட்டியவரிலிருந்து நம் காலம் வரை இருபத்தாறு பெயர்கள். காலமானவர்களின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று செதுக்கியிருந்தார்கள்.

அதற்குத் தகவல் எடுக்க ஒரு பள்ளி ஆசிரியை வீடு வீடாகப் போனாள். ஊருக்குப் புதியவள். அவள் வந்த அன்று உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். முப்பத்தோரு வருஷம் நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டியவன் நான். என்னைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று உள்ளே போய்ச் சட்டை மாற்றி, தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவள் தாளைப் பிரித்து உன் பெயரைச் சொன்னாள். நீ எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் நிலையத்துக்குப் புது வடிகட்டி வந்ததாம், அதனால் பட்டியலில் நீ. என் பெயர் உண்டா என்று நான் கேட்கவில்லை. அவள் பட்டியலைக் கடைசி வரை வாசித்துக் காட்டியிருந்தாள், அதில் நான் இல்லை.

"உங்க மகன் இப்ப எங்க சார் இருக்காரு?" என்று கேட்டாள். "அவன் போயிட்டாம்மா. ஏழு வருஷம் ஆச்சு" என்றேன்.

அவள் பேனாவை மூடிவிட்டாள். தெரியாமல் கேட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். பார், பெற்றவன் மனசு யாரோ ஒரு பெண்ணுக்குப் புரிகிறது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. "பரவால்லம்மா, பழகிப்போச்சு" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். கண்ணாடி உள்ளே இருந்தது. அவள் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியூரில் இருக்கிறான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் கோபத்தில் சொன்னதை அவள் துக்கத்தில் எழுதிக்கொண்டாள். அவள்மேல் குற்றமே இல்லை.

விழா அன்று காலை, மறைந்த பெரியவர்களுக்காக எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம் காக்கச் சொன்னார்கள். நானும் நின்றேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரியை நினைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றேன். யாருக்காகவெல்லாம் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாது. அப்புறம்தான் துணியை விலக்கினார்கள்.

என் கண்தான் மங்கல், உன் அம்மாவின் கண் கூர்மை. பெண்கள் வரிசையிலிருந்து எழுந்தாள். கத்தவில்லை, அழவில்லை. நேராகக் கல்லுக்குப் போய், உன் பெயருக்கு முன்னால் இருந்த அந்தச் சொல்லின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு நின்றாள். தலைவர் பேச்சை நிறுத்திவிட்டார். பாவம், பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வந்தார்கள். "எம் புள்ள உசுரோட இருக்கான், கைய விடுங்க" என்றாள். ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்து வீட்டுத் தையற்காரர் மட்டும், போன மாசம்கூட நீ பேசியதாக அம்மா சொன்னாளே என்று தனக்கு முன்பே குழப்பம்தான், ஆனால் இதைப் போய் எப்படிக் கேட்பது என்று முணுமுணுத்தார்.

ஒரு வாரம் கழித்துக் குழு அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் கோப்பைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். அந்தச் சொல்லை மட்டும் செதுக்கி எடுத்தால் பள்ளம் விழும், கல்லையே மாற்ற வேண்டும் என்று சிற்பி சொல்லிவிட்டாராம். மாற்றுவதற்கு, நான் கொடுத்த தகவல் தவறு என்று என் கையாலேயே எழுதித் தர வேண்டும் என்றார். சுவர் ஓரத்து மேசையில் உட்கார்ந்து எழுதினேன். என் மகன் நலமாக இருக்கிறான், நான் சொன்னது தவறு. இரண்டு வரிதான். முடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டியவன் எழுந்திருக்கவில்லை.

மகனே, ஏழு வருஷம் முன்பு, தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்து கலக்கும் கருவி பழுதாகிக் கிடந்த அந்த மூன்று நாளும் நான் பதிவேட்டில் 'வழக்கமான அளவு' என்றுதான் எழுதினேன். மேலே சொன்னால் வேலை மேல் பழி வரும், அதற்குள் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். கீழத்தெருவில் நாற்பது வீட்டில் வயிற்றுப்போக்கு. நீ பரிசோதனைக்கூடத்தில் இருந்தவன், தண்ணீரை எடுத்துப் பார்த்தாய், பதிவேட்டில் இருப்பது தண்ணீரில் இல்லை என்று எழுதினாய். ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பனைக் காட்டிக் கொடுத்தவன் என்று தெரு கேட்க உன்னைத் துரத்தினேன். நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தம்.

இதையும் அந்தத் தாளிலேயே எழுதினேன். செயலாளர் படித்துவிட்டு, "இது தேவையில்லையே சார்" என்றார். கோப்பில் இருக்கட்டும் என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் தேநீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள், சூடாக இருந்தது. அதுவரை ஆறிப்போனதுதான் கிடைத்துக்கொண்டிருந்தது.

புதுக் கல் அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி நடுகிறார்கள். விழா எதுவும் இல்லை, நான்கு ஆளும் ஒரு கயிறும்தான். வா என்று கூப்பிடும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டவன். உன் வேலை எப்படியோ, உன் மனசு எப்படியோ. பின் அறையில் குப்பையாக அடைத்து வைத்திருந்த என் சாமான்களை எடுத்துவிட்டேன். கட்டிலின் ஆட்டத்தையும் சரிசெய்தாயிற்று.

இருப்பவனைப் போனதாகச் சொல்லிவிட்டால் அவனுக்கு ஆயுசு கூடும் என்பார்கள். அந்த வகையில் தெரியாமல் உனக்கு ஒரு நல்லது செய்திருக்கிறேன். நூறு வருஷம் இரு, கண்ணா. அதில் ஒரு நாளை எங்களுக்குக் கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா