நீலக் குண்டூசி

1983 அக்டோபர் 17, திங்கள்

காலையிலிருந்து தூறல். பொதுப்பணித்துறை ஆபீஸ் சுவரில் ஊர் மேப் மாட்டியாச்சு. விபத்து நடந்த இடத்திலெல்லாம் குண்டூசி குத்துவது என் வேலை. செத்தவர்களுக்குச் சிவப்பு, அடிபட்டவர்களுக்கு நீலம். போலீஸ் காகிதத்தில் உள்ளபடி.

ரெட்டியார்பாளையம் முக்கில் சிவப்பு இரண்டு, நீலம் நாலு. நாலில் ஒன்று என் வீட்டுக்காரர். மில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவர். 'பலத்த காயம், ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார்' என்பதோடு காகிதம் முடிகிறது. எட்டாம் நாள் அங்கேயே கண்ணை மூடியது அதில் இல்லை. நான் ஏன் வாயைத் திறக்கணும்?

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், தீப்பெட்டி.

18, செவ்வாய்

மழை விட்டது. எல்லோரும் டீக்குப் போனதும் மேப் பக்கத்தில் நின்றேன். நீலம் என்றால் உயிரோடு இருக்கிறார். கட்டுப் போட்டுக்கொண்டு, காபியில் சக்கரை இல்லை என்று கத்திக்கொண்டு, எங்கேயோ. பைத்தியக்காரத்தனம்தான். இருக்கட்டும். ஒன்றரை வருஷமாய் அந்தக் கத்தலுக்கு ஏங்குகிறேன்.

19, புதன்

புது எஞ்சினியர் காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்தவர். என் கதை தெரியாது. மேப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மூணு செவப்பு இருந்தாத்தாம்மா ரவுண்டானா கேக்க முடியும். இங்க ரெண்டுதான். அடுத்த வருஷம் பாக்கலாம். லிஸ்ட் வெள்ளிக்கிழம போவுது."

பென்சில் சீவினேன். முனை இரண்டு தரம் உடைந்தது.

20, வியாழன்

மீன்கார அஞ்சலை தேங்காய்த்திட்டிலிருந்து நடந்தே வருபவள். இன்று கூடை காலி. முழங்கையில் ரத்தம்.

"முக்குல திரும்புறேன், லாரிக்காரன் கூடைய இடிச்சிட்டுப் பூட்டான்க்கா. நெத்திலி பூரா ரோட்ல. பாவி, நிக்கக்கூட இல்ல."

"எந்த முக்குடி?"

"இன்னாக்கா தெரியாத மாதிரி கேக்குற? அண்ணன் உழுந்த எடம்தான்."

மஞ்சள் குழைத்துப் பூசிவிட்டேன். நாளைக்கு லிஸ்ட் போகிறது.

21, வெள்ளி

நல்ல வெயில். பெட்டியிலிருந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த சாவுச் சீட்டை எடுத்துப் போய் எஞ்சினியர் மேசையில் வைத்தேன். படித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"மனசு வரல சார்."

"நீங்க உக்காருங்க. நான் மாத்திடறேன்."

"வேணாம் சார். நானே."

நீலத்தைப் பிடுங்கி, அதே ஓட்டையில் சிவப்பைக் குத்தினேன். அழவில்லை. சாயங்காலம் லிஸ்ட் போயிற்று. எங்கள் முக்கு முதல் வரியில்.

நீலக் குண்டூசி முந்தானையில் குத்தினபடி வீட்டுக்கு வந்துவிட்டது. ஆபீஸ் சாமான். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கணும்.

கொடுக்க மாட்டேன்.