ரத்தக்கட்டு

தூத்துக்குடி,
9-2-1947

மாதாவின் காவலில் கொழும்பில் இருக்கும் என் பிரியமுள்ள அத்தானுக்கு, உங்கள் வெரோணிக்கம்மாள் படுத்த படுக்கையாக எழுதிக்கொள்வது. படுத்த படுக்கை என்றதும் பதற வேண்டாம். படுத்துக்கொண்டே எழுதுகிறேன், அவ்வளவுதான். வரிகள் சரிந்து போவதும் அதனால்தான். நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினாலும் என் எழுத்து கோழி கிண்டியதுதான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

பிள்ளை சுகம். உங்கள் மூக்கு அப்படியே இருக்கிறது. பெண்பிள்ளையாக இருந்தால் அந்த மூக்கு மட்டும் வேண்டாம் என்று மாதாவிடம் கேட்டிருந்தேன். கோயில் கூட்டத்தில் அவள் காதில் விழவில்லை போலும். நாற்பத்தொரு வயதில் பிள்ளை பெற்றவளைப் பார்க்கத் தெருவே வருகிறது. வேம்பாரிலிருந்து வந்த நம் மூத்தவள், தன் இடுப்பில் இருந்த மகனிடம் என் மடியைக் காட்டி, "ஏலே, இது உன் சித்தி, மரியாதையாக் கும்பிடு" என்றாளே பார்க்கலாம்! எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

இனி கால் விஷயம். பிள்ளை பிறந்த பிறகு என் இடது கால் தொடைவரை வீங்கி, நனைந்த உப்பு மூட்டை மாதிரி கனத்து, தோல் வெளுத்து மினுமினுத்தது. டாக்டரம்மா வந்து தொட்டுப் பார்த்தார்கள். "காலுக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு, உயரமா வச்சு அசைக்காம இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, வேறொரு பிரசவத்துக்கு ஓடினார்கள்.

ரத்தக்கட்டு என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? எங்காவது முட்டினால் வருவது, புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பற்றுப் போட்டு உருவினால் போவது. நான் எங்கே போய் முட்டினேன் என்றுதான் தெருவுக்குள் ஒரே விசாரணை. கிணற்றடியில் வழுக்கினாள் என்றது ஒரு கூட்டம். புருஷன் பர்னபாஸ்தான் அடித்திருப்பான் என்றது இன்னொரு கூட்டம். கொழும்புக் கிட்டங்கியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவர் கடலைத் தாண்டிக் கை நீட்டிவிட்டார் என்று நானும் ஒப்புக்கொண்டேன். என்ன செய்ய, பொழுது போக வேண்டாமா?

மாமி, பேறுகாலக்காரிகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் தேவகனியை அழைத்து வந்தாள். டாக்டரம்மா அசைக்கக் கூடாது என்றார்களே என்று நான் இழுத்தேன். "ஏளா, அசைக்கத்தானே கூடாதுன்னாவ? உருவக் கூடாதுன்னு சொன்னாவளா?" என்று மாமி கேட்டாள். வக்கீல் தோற்றான். நானும் காலை நீட்டினேன். தேவகனி நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கணுக்காலிலிருந்து மேலே மேலே உருவினாள். மற்ற நேரத்தில் அப்பம் சுட்டு விற்கிறவள், மாவு பிசைகிற கை, கேட்க வேண்டுமா!

அன்று சாயந்திரம் நெஞ்சில் சாக்குத் தைக்கும் கோணூசியால் குத்தியதுபோல் ஒரு குத்து. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. இருமலில் கொஞ்சம் ரத்தம் வந்தது. டாக்டரம்மா ஓடி வந்து, எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததும் மாமியை ஏசிய ஏச்சு கடற்கரை வரை கேட்டிருக்கும். இது அடிபட்ட ரத்தக்கட்டு இல்லையாம். நரம்புக்கு உள்ளே ரத்தம் ஈரல் துண்டு மாதிரி உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிறதாம். பிள்ளை பெற்றவர்கள் சிலருக்கு அப்படி வருமாம். தேய்த்தால் துண்டு பிய்ந்து நெஞ்சுக்கு ஏறுமாம். ஏறியது சின்னத் துண்டானதால் நான் கடிதம் எழுதுகிறேன். இன்னும் துண்டு இருக்கிறதா, கரைந்துவிடுமா என்று கேட்டேன். அசையாமல் படு என்றார்கள். நான் கேட்டதற்கு அது பதிலா, நீங்களே சொல்லுங்கள்.

உங்களைப் பெற்றவள் என்றும் பாராமல் மாமியை ஏசி எழுதிவிடாதீர்கள். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. என் கால்மாட்டில் செபமாலையோடு உட்கார்ந்து, ஈ உட்கார வந்தால்கூட "போ சனியனே, தொடாத" என்று விரட்டுகிறாள். தேவகனி வாசலோடு அழுதுவிட்டுப் போகிறாள். உள்ளே வா என்றால் தன் கையைத் தானே பார்த்துக்கொள்கிறாள்.

ஒரு குற்றம் செய்திருக்கிறேன், மன்னிக்க வேண்டும். உங்கள் தலையணையைக் காலுக்கு வைத்திருக்கிறேன். முதலில் தலைக்குத்தான் வைத்தேன். உங்கள் தலையெண்ணெய் வாசம் இன்னும் அதில் இருக்கிறது. அழுகை வருகிறது, அழுதால் நெஞ்சு குலுங்குகிறது, குலுங்கக் கூடாதாம். அதனால் உங்களைக் காலடிக்கு அனுப்பிவிட்டேன். சிரிக்கவும் கூடாதென்று டாக்டரம்மா சொல்லியிருந்தால் அன்றைக்கே செத்திருப்பேன்.

துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம், இறங்கி எவ்வளவு நேரத்தில் நம் வீட்டு வாசலுக்கு வருவீர்கள் என்று மனசுக்குள் உங்களை நடத்திப் பார்க்கிறேன். வழியில் வெற்றிலைக் கடையில் நிற்பீர்கள், எல்லோரிடமும் பேசுவீர்கள். எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. பெயரைக் கடிதத்தில் எழுத மாட்டேன். அவளை உங்கள் கையில் கொடுத்து, நானே என் வாயால் சொல்ல வேண்டும்.

தந்தி அடிக்கட்டுமா என்று மாமி கேட்கிறாள். வேண்டாம் என்றேன். தந்தி என்றால் பிரிக்கும் முன்பே என்னை அடக்கம் செய்துவிடுவீர்கள். எனக்கும் இவ்வளவு வம்பு பேச அதில் இடம் கிடைக்காது. மாதா உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். சிரித்து முடித்தபின், அத்தான், இதைத் தந்தி என்றே வைத்துக்கொண்டு அடுத்த கப்பலில் ஏறுங்கள்.

அசையாமல் காத்திருக்கும்,
வெரோணிக்கம்மாள்