படகில் ஒரு கதவு

ஏப்ரல் 10, 1967. திங்கள்

விடியற்காலை மழை. ஒன்பது மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில்.

நாளை முதல் முறையாகப் படகில். இதுவரை ஆய்வுக்கூடத்தில் போத்தல்களுக்குச் சீட்டு ஒட்டியதோடு சரி. டாக்டர் லிம் கூப்பிட்டுச் சொன்னார்: ஒரு மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் கடல் வேலை, இல்லையென்றால் மறுபடி போத்தல். எனக்கு முன்பிருந்த ரோஸ்லின் மூன்றாம் தடவையே வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். “Girls have no sea legs” என்றார், பெண்களுக்குக் கடல் ஒத்துவராதாம். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னார். அதுதான் எரிச்சல்.

எடுத்து வைக்க: தொப்பி, பழைய கேன்வாஸ் சப்பாத்து, பென்சில் 3, எலுமிச்சை, தண்ணீர் பிளாஸ்க்.

அம்மா: “கடல்ல போய் என்னத்த எண்ணப் போற? தேக்கா மார்க்கெட்ல எண்ணு. வரும்போது நெத்திலியும் வாங்கிட்டு வரலாம்லா.”

ஏப்ரல் 11, செவ்வாய்

சிராங்கூன் ரோட்டில் முதல் பஸ். பொங்கோல் படகுத்துறை. படகோட்டி அவாங், டாக்டர் லிம், என்னைப்போலவே புதிதாகச் சேர்ந்த செல்வராஜ், நான்.

நடுக்கடலில் ஒரு திட்டு. தண்ணீர் வடிந்ததும் புல்வெளிபோல வெளியே வருகிறது. கடற்புல். மரச்சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் இருப்பதையெல்லாம் எண்ண வேண்டும். நண்டு, சிப்பி, இறால் குஞ்சு. மீன் குஞ்சு வளரும் இடம் இது, கடலைத் தூர்க்க இதன்மேல் மண் கொட்டினால் என்ன போகும் என்று காட்ட எண்ணிக்கை வேண்டும் என்றார் டாக்டர். எண்ணாத எதையும் மேலிடத்தில் நம்பமாட்டார்களாம்.

ஒரு கடற்குதிரை பார்த்தேன்!! புல்லை வாலால் பிடித்துக்கொண்டு நின்றது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இந்த வேலை எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

செல்வராஜ் போகும்போதும் வரும்போதும் வாந்தி. எனக்குத் தலைகூடச் சுற்றவில்லை.

ஆனால் இன்னொரு சங்கதி. திறந்த படகு, மறைப்பு கிடையாது. திட்டில் முழங்காலுக்கு மேல் ஒரு செடி இல்லை. ஆண்களுக்குக் கவலை இல்லை. “சரசு, கொஞ்சம் முன்னாடி பாரு” என்பான் செல்வராஜ். ஆயிற்று. எனக்கு? காலையிலிருந்து பிற்பகல் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரை வந்ததும் படகுத்துறைக் கடைக்காரர் வீட்டுக்கு ஓட்டம். அவர் மனைவி ஒன்றும் கேட்காமல் வழி காட்டினார்.

ரோஸ்லின் ஏன் போனாள் என்று இப்போது ஓர் ஊகம்.

ஏப்ரல் 13, வியாழன்

புது யோசனை: நேற்று இரவிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. காலையில் கோப்பியும் இல்லை. வேலை செய்தது. பிளாஸ்க்கைத் திறக்கவே இல்லை. தலை மட்டும் விண் விண்.

நாளை புத்தாண்டு. அம்மா பாயசத்துக்கு ஜவ்வரிசி வாங்கச் சொன்னாள். மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

படகு இல்லை, இந்த வாரம் தண்ணீர் சரியாக வடியாது. டாக்டர் என் தாள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். காலையில் எழுதியவை அருமை, வெயில் ஏறியபின் எழுதியவை வேறு யாரோ எழுதியதுபோல, என்றார். ஒரே சட்டத்தை இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன். “Tired?” என்றார். இல்லை சார் என்றேன்.

அவர் பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 25, செவ்வாய்

மயங்கி விழுந்துவிட்டேன். திட்டின் நடுவில், சட்டத்தின்மேல். கண் திறந்தால் செல்வராஜ் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறான். “அலாமாக், குடிலா, குடி!” ஒரு வாய் குடித்தேன். அதற்குமேல் பயம். டாக்டர் பாதியில் படகைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

முடிந்தது. இனி போத்தல்தான்.

வீட்டில் அழுதேன். அம்மா விடாமல் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள். முதலில் சிரிப்பு, அப்புறம் திட்டு. “மூத்திரத்த அடக்கி உடம்பக் கெடுத்துக்கிறதுக்கா படிக்க வச்சோம்? டீச்சர் வேலைக்குப் போ. பள்ளிக்கூடத்துல கக்கூஸ் இருக்கு.”

“அங்க கடல் இல்லம்மா.”

“அப்ப அந்தச் சீனத் துரைகிட்ட வாயத் தொறந்து கேளு. என்கிட்ட அழுதா படகுல சுவரா முளைக்கும்?”

எப்படிக் கேட்பது? ஓர் ஆணிடம்!

ஏப்ரல் 27, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ஆங்கிலத்தில் நாலு விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். நாலும் டாக்டர் அறைக் கதவருகிலேயே மறந்துபோயின. போத்தல் வேலைக்கு மாற்றும் தாள் அவர் முன்னால் இருந்தது, கையெழுத்து போடவில்லை. நின்றபடியே சொன்னேன்: சார், எனக்குக் கடல் ஒத்துக்கொள்கிறது. படகில் பெண் ஒதுங்க இடமில்லை. அதனால் தண்ணீர் குடிக்கவில்லை. அதனால்தான் விழுந்தேன்.

அவர் காது சிவந்துவிட்டது. மேசைமேல் இருந்த பென்சில்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினார். அப்புறம், “Rosalyn also?” என்றார். தெரியாது சார், இருக்கலாம் என்றேன்.

தாளை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அவ்வளவுதான். நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா, அப்பாடா.

அம்மாவுக்குப் பூ வாங்கினேன். ஜவ்வரிசியும்.

மே 9, செவ்வாய்

படகின் பின்பக்கம் பலகை அடைப்பு. கதவு, உள்பக்கம் கொக்கி, மேலே தகரம். அவாங்கும் அவர் தம்பியும் அடித்தது. நீலப் பெயின்ட் இன்னும் காயவில்லை, பாவாடையில் ஒட்டிக்கொண்டது.

முதலில் உள்ளே போனது யார்? செல்வராஜ்! “உள்ள வாந்தி எடுத்தா யாருக்கும் தெரியாதுலா.” டாக்டர்கூடச் சிரித்தார்.

பிளாஸ்க் முழுக்கக் குடித்தேன். எண்ணிக்கை கடைசித் தாள்வரை சுத்தம். திரும்பும்போது டாக்டர் என்ஜின் சத்தத்தில் கத்திச் சொன்னார்: அடுத்த மாதத்திலிருந்து கடல் வேலை எனக்கு நிரந்தரம். இரண்டு முறை கேட்டேன். முதல் தடவையே காதில் விழுந்திருந்தது.

மே 11, வியாழன்

படகுத்துறையில் ஒரு புதுப் பெண். ரோஸ்லின். குவீன்ஸ்டவுனிலிருந்து வந்திருக்கிறாள். டாக்டர் கடிதம் போட்டாராம், விருப்பமிருந்தால் ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லி. கழுத்தில் மாதா டாலர், குட்டை முடி.

படகில் ஏறியதும் கதவைப் பார்த்தாள். திறந்தாள், மூடினாள், கொக்கியைப் போட்டுப் பார்த்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீதான் கேட்டியா?”

“ஆமாங்க.”

“எனக்குக் கடல் பயம்னு எழுதிக் கொடுத்தேன். வேற என்ன எழுதுறது? வீட்ல, கோயில்ல, எல்லார்கிட்டயும் அதையேதான் சொன்னேன். கடைசில நானே நம்பிட்டேன்.”

கண் கரித்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிளாஸ்க்கை நீட்டினேன்.

அவள் முதலில் கதவைப் பார்த்தாள். அப்புறம் குடித்தாள்.