வியாழக்கிழமை நோயாளி

உங்களுக்கு,

நடிப்பதற்கு வேறொரு பெண்ணைப் பார்த்துவைக்கும்படி ரபாத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மலைக்கிராமங்களில் வேலை செய்ய மருத்துவ மாணவர்களைப் பழக்கும் உங்கள் திட்டம் நிற்கக் கூடாது, சரிதான்.

ரக்கியா மூன்று வருடமாக வியாழன்தோறும் இங்குள்ள மருத்துவமனைக் கட்டிலில் படுத்து, மாணவர்களுக்காக நோயாளியாக நடித்தாள். கூலி, ஒரு சர்க்கரைக் கூம்பு, கூம்பாக வார்த்து இறுகவைத்த கட்டிச் சர்க்கரை. வாரத்துக்கு ஒரு வலி. எந்த வலி என்று முந்தின நாளே நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தது வயிற்றுவலி. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ரக்கியாக்கா, பாடம் மாறிப்போச்சு! இன்னிக்கு வயிறு!" என்று உங்கள் காசாபிளாங்கா பிள்ளைகள் சிரித்தார்கள்.

"நெசமாவே வலிக்குதும்மா" என்றாள், கட்டிலருகே நின்ற என்னைப் பார்த்து. அதையும்தான் அவள் ஒவ்வொரு வாரமும் சொல்வாள். சொல்லச் சொன்னதே நான்தான். அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, தாளில் இருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டு முடித்தார்கள். அதற்குள் அவள் உயிர் போய்விட்டிருந்தது.

தவறு மாணவர்களுடையது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். "பிரமாதம் ரக்கியா, இன்னும் கொஞ்சம் சத்தமா" என்று சொன்னது அவர்களில் யாருமில்லை.

துக்கத்துக்கு ஊரார் கொண்டுபோவதைத்தான் நானும் கொண்டுபோனேன். அவள் கணவன் ஹம்மு சர்க்கரைக் கூம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எதுக்கு டாக்டரம்மா? அவ செத்ததுக்கா, இல்ல அன்னிக்கு நடிச்சதுக்கா?"

அவனுக்கு ஒரு பதில் எழுதி அனுப்புங்கள். பிறகு வேறொரு பெண்ணைத் தேடுகிறேன்.

உங்கள் மனைவி